கடைசி வரிசையிலிருந்து ஒரு ஒப்பீடு

"என்ன தோழர், பிசினஸ் கிளாசுல டெல்லி போனீங்களாமே? அடுத்த தொகுப்பு மெத்தையைப் பத்தியா?"

ஒரு புத்தக வெளியீட்டுக் கூட்டம் முடிஞ்சு டீக்கடையில நின்னுக்கிட்டிருந்தப்போ ஒரு தோழர் கேட்டது இது. சுத்தி நின்னவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் குத்துச்சு. கிண்டலுக்குக் கிண்டலாகவே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் கேள்விக்குள் விஷயம் இருக்கிறது. ஒரு வங்கிக் குமாஸ்தா, அதுவும் நம்ம தெருவிலிருந்து வந்தவன், விமானத்தில் திரைக்கு முன்னால் உட்காரலாமா? உட்கார்ந்தால் அவன் யாராகிறான்? கேட்டவர் கேலிக்குத்தான் கேட்டார். நான் எழுதியே பதில் சொல்கிறேன்.

இதுவரை நான் விமானத்தின் முன்வகுப்பில் போனது ரெண்டே தடவை. 2018-இல் ஒண்ணு, 2024-இல் ஒண்ணு. ரெண்டும் வேற வேற கம்பெனி. கம்பெனிப் பெயர் வேண்டாம். நான் சொல்லப்போவது ஏதோ ஒரு கம்பெனி செய்த தப்பு இல்லை. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இப்படி ரெண்டு கம்பெனியை எடுத்து வைத்து ஒப்பிடுவார்கள். இருக்கை எத்தனை அங்குலம், போர்வை எத்தனை மெது, ஒயின் எந்த நாட்டுது, பணிப்பெண் எத்தனை தடவை சிரிச்சாங்க என்று மார்க் போடுவார்கள். நானும் ஒப்பிடத்தான் போகிறேன். அளவுகோல் மட்டும் வேற.

முதல் பயணம். சிங்கப்பூர் தமிழ் நண்பர்கள் ஒரு கவிதை வாசிப்புக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அவங்களே காசு போட்டு எகானமி டிக்கெட் எடுத்து அனுப்பினாங்க. சென்னை விமான நிலையத்தில் ராத்திரி நேரத்து வரிசை. முன்னாலயும் பின்னாலயும் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறை வேலைக்கும் போகிறவங்க. எனக்குப் பின்னால் நின்னவருக்கு என் வயசுதான் இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர். முதல் தடவையாகப் போகிறார். ஏஜெண்டுக்குக் கட்ட இருந்த கொஞ்ச நிலத்தையும் அடகு வச்சாச்சு என்றார். வேலைக்கான கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு சட்டைக்குள் வைத்திருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தரம் அது இருக்கா என்று தொட்டுப் பாத்துக்கிட்டார்.

"பிளேனுக்குள்ள ஒரு வெள்ளை அட்டை குடுப்பாங்களாமே சார், இங்கிலீஷ்ல எழுதணுமாம். தப்பா எழுதினா அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்கன்னு சொல்றாங்க."

"நான் பேங்க்ல கிளார்க்குங்க. தெனமும் எத்தனையோ பேருக்குச் சலான் எழுதித் தர்றவன். உள்ள போனதும் நானே எழுதித் தர்றேன். கவலைப்படாதீங்க" என்றேன். அதுக்கப்புறம் நான் அவருக்கு சார் இல்லை, அண்ணன் ஆயிட்டேன்.

கவுன்ட்டருக்கு வந்தோம். இருந்த சீட்டுக்கு மேல டிக்கெட் வித்திருக்காங்க போல. அங்கே இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். "உங்களை பிசினஸ் கிளாசுக்கு மாத்தியிருக்கோம் சார். கூடுதல் கட்டணம் கிடையாது." ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் தனியாக வந்தவன், பின்னால் நின்னவரும் தனியாகத்தான் வந்திருந்தார். என் சட்டை இஸ்திரி போட்டது. நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் அந்த நிமிஷம் வரைக்கும் இருந்த வித்தியாசம். அந்த நிமிஷத்துக்குப் பிறகு எங்களுக்கு நடுவில் ஒரு திரை வந்துட்டுது.

உள்ளே போய் உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு ஒண்ணு கொடுத்தாங்க. எதுக்குன்னு தெரியாம, பக்கத்து ஆள் என்ன பண்றார்னு பாத்துட்டு முகத்தைத் துடைச்சேன். பொத்தானை அழுத்தினால் இருக்கை கட்டிலாக நீளுது. பீங்கான் தட்டு, துணி விரிப்பு, எவர்சில்வர் முள்கரண்டி. இதெல்லாம் கூடப் பெரிசில்லை. பணிப்பெண் வந்து குனிந்து, என் கண்ணுக்கு நேராகக் கண் வைத்து, 'மிஸ்டர்' போட்டு என் பெயரைச் சொன்னார். என் பெயர் என்று சொல்கிறேன்; உண்மையில் அது என் அப்பா பெயர். நம்ம பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்கிற கட்டத்தில் அப்பா பெயரைத்தானே எழுதுறோம். அந்தப் பெயரைத்தான் அவர் 'மிஸ்டர்' போட்டுச் சொன்னார்.

எங்க அப்பாவை ஊர்த்தெருவில் எட்டு வயசுப் பையன்கூட 'டேய்' போட்டுத்தான் கூப்பிடுவான். அவர் இடுப்புத் துண்டோடு 'சாமி' என்று நிற்பார். சாகிறவரைக்கும் அந்தத் தெருவில் அவர் பெயருக்குப் பின்னால் ஒரு 'ங்க' விழுந்ததில்லை. முப்பதாயிரம் அடி உயரத்தில் அந்தப் பெயருக்கு மரியாதை கிடைத்தது. எனக்குக் கண் கலங்கிடுச்சு. அதை மறைச்சு எழுதினால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

அந்தக் கலக்கத்தில் இருக்கும்போதுதான் வெள்ளை அட்டை வந்தது. என்னுடையதை எழுதி முடிச்சேன். பின்னால் போய் அவருக்கு எழுதித் தரணும் என்று நினைப்பு இருந்தது. அதுக்குள்ள சாப்பாட்டுத் தட்டு வந்துட்டுது. சாப்பிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. அவர் நிக்கிறார், கையில் அட்டையோடு. வரிசை வரிசையாகத் தேடிக்கிட்டே வந்திருக்கார். "அண்ணே..." என்று வாயெடுத்தார். பணிப்பெண் குறுக்கே வந்து, மரியாதையாகத்தான், இங்கிலீஷில், உங்க இடத்துக்குத் திரும்பிப் போங்க என்றார். அவர் என்னைக் கை காட்டினார். பணிப்பெண் திரும்பி என்னைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். "எனக்குத் தெரிஞ்சவர்தான், நான் வர்றேன்" என்று எழுந்திருக்கலாம். நான் தட்டைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

திரை மூடியது.

இறங்கும்போதும் முன்வகுப்புதான் முதலில். குடிவரவுக் கூடத்தில் நான் வரிசையில் நிற்கும்போது, அவர் ஒரு மேசை ஓரம் யாரோ ஒருத்தர் அட்டை எழுதித் தர பக்கத்தில் நின்னுக்கிட்டிருந்தார். என்னைப் பார்த்து ஒண்ணுமே நடக்காத மாதிரி கையசைத்துச் சிரிச்சார். அவர் திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

இதில் பணிப்பெண் மேல எனக்குக் கோபமில்லை. அவரும் கூலிக்கு நிற்கிறவர். திரைக்கு முன்னால் இருப்பவர்களைத் திரைக்குப் பின்னால் இருப்பவர்கள் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நான்கு மணி நேரத்தில் அந்த வேலையின் ஒரு பகுதியை நானே செய்து முடித்தேன். முன்வகுப்பின் திறமை அங்கேதான் இருக்கு. திரையை மூட வெளியாள் தேவையில்லை, உட்கார்ந்தவனே மூடிக்கொள்வான்.

கம்பெனிகள் எதைப் போட்டி போட்டு விற்கின்றன என்று பார்த்தால் இது புரியும். முழுசாகப் படுக்கிற இருக்கையை பிரிட்டிஷ் ஏர்வேஸ் 1990-களின் நடுவில் முதல் வகுப்பிலும், 2000-இல் பிசினஸ் வகுப்பிலும் கொண்டுவந்தது. படுக்க இடம் என்பது உடம்புக்கு வேண்டியது. சரி. அதோடு நின்றதா? 2007-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏ380 விமானத்தில் தனி அறைகள் வைத்தது. 2008-இல் எமிரேட்ஸ் குளியலறை வைத்தது. 2014-இல் எத்திஹாட் வரவேற்பறை, படுக்கையறை, குளியலறை என்று வீடே கட்டியது. 2017-இல் கத்தார் ஏர்வேஸ் பிசினஸ் வகுப்புக்கே கதவு போட்டது. கட்டில் வந்த பிறகு வந்ததெல்லாம் சுவரும் கதவும். பின்னால் இருப்பவனை மட்டுமில்லாமல் பக்கத்தில் இருப்பவனையும் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது.

இனி ரெண்டாவது பயணம். 2024. வேற கம்பெனி. சென்னையிலிருந்து டெல்லி. தங்கச்சி அங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அவளுக்குப் பிரசவம், அம்மா போய்த்தான் ஆகணும். அம்மாவுக்கு அந்த வருஷம்தான் முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ரயில் என்றால் முப்பது மணி நேரத்துக்கு மேல். எகானமி இருக்கையில் காலை மடக்கி வைத்து மூணு மணி நேரம் உட்கார முடியாது என்று டாக்டர் சொன்னார். சொசைட்டி லோன் போட்டு ரெண்டு முன்வகுப்பு டிக்கெட் எடுத்தேன். ஏறக்குறைய என் ஒரு மாசச் சம்பளம். தோழர் கேலி பண்ணினது இந்த டிக்கெட்டைத்தான்.

பயணக் கட்டுரைக்காரர் கணக்கில் ஒப்பிட்டால் முதல் கம்பெனிதான் ஜெயிக்கும். ரெண்டாவதில் கட்டில் இல்லை. சாய்கிற நாற்காலி, இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு. தட்டு பீங்கான்தான், சாம்பார் ஆறிப்போயிருந்தது. திரையும் கனமில்லை, காற்றில் ஆடுகிற மெல்லிசுத் துணி, பின்னால் இருப்பவங்க முகம் நிழலாகத் தெரியும். அம்மாவுக்கு இந்த ஒப்பீடு எதுவும் தேவைப்படல. காலை நீட்டினாங்க. நீட்டின கால் எதிலும் இடிக்கல. "நல்லாருக்குடா" என்றாங்க. மிளகுத்தூள், உப்புப் பொட்டலம் ரெண்டையும் எடுத்து முந்தானையில் முடிஞ்சுக்கிட்டாங்க. விமானம் கிளம்பின கால் மணி நேரத்தில் வாயைப் பிளந்து தூங்கிட்டாங்க. நாற்பது வருஷம் குனிஞ்சு நாத்து நட்ட உடம்பு.

அந்தத் தூக்கத்தைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ எனக்கு ஒண்ணு தெளிவாச்சு. இந்த இருக்கை தப்பான பொருள் இல்லை. இது யாருக்கு வேணுமோ அவங்களுக்குப் போகல. அன்னைக்கு அந்த வரிசைகளில் அம்மாவைவிட அந்தக் காலிடம் தேவைப்பட்ட உடம்பு வேற எதுவும் இருந்த மாதிரி தெரியல. பின்னால் இருந்ததோ இல்லையோ யாருக்குத் தெரியும்? திரைக்குப் பின்னால் இன்னொரு முழங்கால் ஆபரேஷன், ஒரு கர்ப்பிணி, ஆறடி உயரத்துக்காரர் ஒருத்தர் மடங்கி உட்கார்ந்திருக்கலாம். இருக்கையைப் பங்கு போட்டது தேவை இல்லை, சொசைட்டி லோன்.

இங்கே ஒரு கேள்வி வரும். பின்னால் இடம் நெருக்கமாக இருப்பது விமானத்தின் இயற்கையா, கம்பெனி எடுத்த முடிவா? ஒரே விமானத்தை ரெண்டு கம்பெனி எப்படி அடுக்குது என்று பாருங்க. ஏர்பஸ் ஏ350-900 என்கிற விமானம். டாடா கைக்கு 2022-இல் போன ஏர் இந்தியா அதை 2024 ஜனவரியில் ஓட்ட ஆரம்பிச்சது. மொத்தம் 316 இருக்கை: பிசினஸ் 28, பிரீமியம் எகானமி 24, எகானமி 264. அதே ஏ350-900-ஐ நீண்ட தூரத்துக்கு ஓட்டும்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வைத்த இருக்கை 253: பிசினஸ் 42, பிரீமியம் எகானமி 24, எகானமி 187. அதே கம்பெனி பக்கத்து நாடுகளுக்கு ஓட்டும் அதே விமானத்தில் 303 பேரை உட்கார வைக்கிறது. உடல் ஒண்ணுதான். நீளம் அகலம் ஒண்ணுதான். உள்ளே யாருக்கு எத்தனை அடி என்பதை ஆகாயம் முடிவு செய்யவில்லை, அலுவலக அறையில் உட்கார்ந்து கோடு போட்டு முடிவு செய்கிறார்கள்.

இதைவிட வேடிக்கை ஒண்ணு. 2018 அக்டோபரில் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்காவின் நியூவார்க்குக்கு நேராகப் போக ஒரு ஏ350 விமானத்தை விட்டாங்க. ஏறக்குறைய 19 மணி நேரப் பயணம். அதில் 161 இருக்கைதான். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமியே கிடையாது. அந்தப் பயணத்துக்கு எகானமி நெருக்கம் தாங்காது என்று கம்பெனிக்கே தெரியும் போல. ஆனால் கவனிங்க: பின்னால் யாருமே இல்லாத விமானத்தில் கடைசி வரிசைக்காரனுக்கும் 'பிரீமியம்' என்றுதான் பெயர். யாரைவிடப் பிரீமியம்? அங்கே இல்லாத, வேற விமானத்தில் மடங்கி உட்கார்ந்திருக்கிற எகானமிக்காரனைவிட. முன்வகுப்புக்குப் பின்வகுப்பு தேவை. கண் முன்னால் இல்லையென்றாலும் நினைப்பிலாவது அவன் இருக்கணும்.

இதைச் சொல்ல நான் ஒண்ணும் மார்க்சைக் கூப்பிட வேண்டியதில்லை. ழூல் துப்புயி என்று ஒரு பிரெஞ்சு எஞ்சினியர், பாலமும் சாலையும் போட்ட அரசாங்க ஆள், 1849-லேயே சொல்லிவிட்டார். அன்னைக்கு ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை இருக்காது. மழையும் வெயிலும் தலையில் விழும். கூரை போடக் காசில்லாமலா கம்பெனிகள் விட்டன? இல்லை என்கிறார் அவர். கூரை போட்டால் இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்கக்கூடியவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடுவான். அவனைப் பயமுறுத்தத்தான் ஏழையை நனைய விடுகிறார்கள். ஏழை மேல கோபம்கூட இல்லை. அவன் ஒரு விளம்பரப் பலகை. இவ்வளவுதான் அவர் வாதம். இன்னைக்கு எகானமி இருக்கையில் முழங்கால் இடிபடுகிற ஒவ்வொருவரும் முன்வகுப்புக்கு இலவசமாக விளம்பரம் செய்துகொண்டிருக்கிறோம்.

இந்த இடம் சுருங்கியதும் கற்பனை இல்லை. 2017-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் வந்த வழக்கில், அமெரிக்க எகானமி வரிசைகளுக்கு நடுவில் சராசரியாக 35 அங்குலம் இருந்தது 31 ஆகிவிட்டது, சில கம்பெனிகளில் 28 வரை இறங்கிவிட்டது என்று பயணிகள் சங்கம் எடுத்து வைத்தது. நீதிபதிகளும் விமானத் துறையைப் பார்த்து இதற்கு ஒழுங்காகப் பதில் சொல் என்றார்கள். 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவை ஓராண்டுக்குள் வகுக்கச் சொல்லிச் சட்டமே போட்டது. கெடுவுக்குள் அளவு வரவில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கூரை எப்படி வந்தது என்று நினைச்சுப் பார்க்கணும். கம்பெனிக்காரன் மனசு இரங்கியா வந்தது? இங்கிலாந்தில் 1844-இல் சட்டம் போட்டு, மூன்றாம் வகுப்புக்கு உட்கார இருக்கையும் மழை படாத பெட்டியும் வேணும் என்று கட்டாயப்படுத்தினார்கள்.

இந்த இடத்தில் சில தோழர்கள் அவசரப்படுவாங்க. 'பார்த்தீங்களா, விமானத்திலும் ஊரும் சேரியும்' என்று. நானே ஒரு கவிதையில் அப்படி எழுதினவன்தான். இப்போ அதை வாபஸ் வாங்கிக்கிறேன். விமானத் திரையைக் காசு திறக்கும். எங்க அம்மாவுக்காக நான் திறந்தேன். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற கோட்டை எந்த சொசைட்டி லோன் திறக்கும்?

நான் படித்த பாடப்புத்தகத்தில் 1893-இல் காந்தியை முதல் வகுப்புச் சீட்டு இருந்தும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இறக்கிவிட்ட கதை இருந்தது. நிறத்துக்காக இறக்கினார்கள். அநியாயம்தான். 1901-இல் மசூர் என்கிற ரயில் நிலையத்தில் நடந்ததை நான் பின்னால்தான் படிச்சேன். சிறுவன் அம்பேத்கரும் அண்ணனும் மற்றப் பிள்ளைகளும் அப்பாவைப் பார்க்க ரயிலில் வந்து இறங்குறாங்க. நல்ல உடுப்பு. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரிக்கிறார். மகார் என்று பிள்ளைகள் வாயால் சொன்னதும் அவர் முகம் மாறுது. எந்த மாட்டுவண்டிக்காரனும் ஏற்ற மாட்டேங்கிறான். கடைசியில் இரட்டைக் கூலி. வண்டியைப் பிள்ளைகளே ஓட்டணும், வண்டிக்காரன் கூட நடந்து வருவான். வழி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கல. அதுவும் கூடுதல் காசு கொடுத்த பயணம்தான். உடுப்பும் டிக்கெட்டும் வாங்கித் தந்த மரியாதை சாதி தெரிகிற வரைக்கும்தான் நின்னது.

அதனால் எனக்கு அந்த 'மிஸ்டர்' மேல் ரெண்டு எண்ணம் உண்டு. காசுக்குக் கிடைக்கிற மரியாதை போலி என்று சொல்ல எனக்கு வாய் வரல. காசு கொடுத்தும் மரியாதை கிடைக்காத வரலாறு நமக்கு இருக்கிறது. அப்பா பெயர் மரியாதையாக உச்சரிக்கப்பட்ட அந்த ஒரு நிமிஷத்தை நான் திருப்பித் தர மாட்டேன். ஆனால் அந்த மரியாதைக்கு நான் என்ன விலை கொடுத்தேன்? காசு கொடுக்கவில்லை, டிக்கெட் இலவசம். பட்டுக்கோட்டைக்காரரைத் தெரியாத மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். அதுதான் விலை.

ஆகவே தோழருக்கு என் பதில் இது. முன்வகுப்பில் உட்கார்ந்ததற்கு நான் வெட்கப்படல. வெட்கப்படச் சொல்றவங்க, நம்ம உடம்புக்குக் கஷ்டம்தான் பொருத்தம் என்று மேலே இருப்பவன் சொல்வதையே வேற வார்த்தையில் சொல்றாங்க. கட்டாந்தரையில் படுப்பது புரட்சி என்றால் எங்க அம்மாதான் இந்த நாட்டின் பெரிய புரட்சிக்காரி. அவங்களுக்கு மெத்தை வேணும். எங்க அம்மாவுக்கு டிக்கெட் எடுத்தது தப்பில்லை. எனக்கு டிக்கெட் கிடைச்சாச்சு என்று பின்னால் திரும்பிப் பார்க்காமல் இருந்ததுதான் தப்பு. ரெண்டையும் ஒரே கேலியில் போட்டுக் கலக்காதீங்க.

வழி இல்லாமலும் இல்லை. நம்ம ரயிலில் மூன்றாம் வகுப்பு என்கிற பெயரை 1974-இல் எடுத்தாங்க. பெயர் போச்சு, மரப்பலகை அப்படியே இருந்தது. 1977-இல் மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்தார். இரண்டாம் வகுப்புப் பலகைக்கு ரெண்டு அங்குல நுரைமெத்தை போட வைத்தார். அந்த வருஷம் டிசம்பர் 26-இல் பம்பாய்க்கும் ஹவுராவுக்கும் நடுவில் வகுப்பே இல்லாத கீதாஞ்சலி எக்ஸ்பிரசை ஓட விட்டார். பிற்பாடு அந்த வண்டியிலும் ஏசி வகுப்புகள் வந்துவிட்டன. ஆனால் அந்த ரெண்டு அங்குல மெத்தை போகவில்லை. இன்னைக்கும் ஸ்லீப்பரில் படுக்கிற கோடிக்கணக்கான முதுகுக்கு அதுதான் ஆதாரம். முதல் வகுப்பைப் பிடுங்கி எறியாமலே கடைசி வகுப்பை உயர்த்த முடியும் என்பதற்கு நம்ம கையிலேயே சாட்சி இருக்கு. அது மந்திரி கையெழுத்தில் வந்தது, சந்தையின் கருணையில் வரல.

விமானத்துக்கும் அப்படி ஒரு விதி கேட்கணும். இருக்கைக்கு நடுவில் இவ்வளவு அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்று சட்டம். முழங்கால் ஆபரேஷன் ஆனவருக்கும் கர்ப்பிணிக்கும் கால் நீட்டுகிற இருக்கை, காசுக்கு இல்லாமல் மருத்துவச் சீட்டுக்கு. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவங்களுக்குப் புரிகிற மொழியில் பேச விமானத்தில் ஒரு ஆள். இதெல்லாம் பெரிய கோரிக்கையா? 2023 பிப்ரவரியிலிருந்து நம்ம நாட்டில் ஒரு விதி இருக்கிறது. மேல் வகுப்புக்கு டிக்கெட் எடுத்தவரை அவர் விருப்பமில்லாமல் கீழ் வகுப்பில் உட்கார வைத்தால், உள்நாட்டுப் பயணத்தில் டிக்கெட் விலையில் 75 சதவீதம் திருப்பித் தரணும். நல்ல விதி. மேலேயிருந்து கீழே இறக்கப்பட்டவனின் வலி அரசாங்கத்துக்குப் புரிந்திருக்கிறது. முதலிலிருந்தே கீழே உட்கார வைக்கப்பட்டவனுக்கு வலிக்கும் என்று ஒரு விதி எழுத எத்தனை வருஷம் ஆகும்?

இனி யாராவது ரெண்டு விமானக் கம்பெனியை ஒப்பிட்டுச் சொல்லுங்க என்று கேட்டால் நான் முன்வரிசையைப் பத்திப் பேச மாட்டேன். கடைசி வரிசைக்குப் போங்க. கழிவறை வாசனை வருகிற, பின்னால் சாயாத, சாப்பாடு தீர்ந்த பிறகு வண்டி வந்து சேர்கிற அந்த வரிசை. அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்க: முழங்கால் இடிக்குதா? தண்ணி கேட்டா குடுத்தாங்களா? 'ங்க' போட்டுப் பேசினாங்களா? அதுக்குப் பதில் என்னவோ அதுதான் கம்பெனியின் தரம். நான் போன ரெண்டு கம்பெனியில் எது ஒசத்தி என்று என்னால் சொல்ல முடியாததுக்குக் காரணமும் அதுதான். ரெண்டு தடவையும் நான் பின்னால் போய்ப் பார்க்கல.

சிங்கப்பூருக்குப் போகிறவங்களுக்கு அந்த வெள்ளை அட்டை இப்போ கிடையாது. 2020-இல் அது கம்ப்யூட்டருக்குப் போயிட்டுது. கிளம்புறதுக்கு முன்னாலேயே ஆன்லைனில் நிரப்பணும். எங்க கிளைக்குப் பணம் போட வருகிறவங்களில் சில பேர், பிரௌசிங் சென்டரில் காசு கொடுத்து நிரப்பினது சரியா இருக்கா பாருங்க சார் என்று போனை நீட்டுறாங்க. மேனேஜர் பார்க்காத நேரமாகப் பார்த்து நான் சரி பார்த்துத் தர்றேன். வரிசையில் நிற்கிறவங்க முணுமுணுப்பாங்க. கவுன்ட்டருக்கும் கண்ணாடி உண்டு, அதுவும் ஒரு திரைதான். இந்தத் தடவை நான் குனியல.